மாசி மகமும் மனைப் பட்டாவும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். வீடு, மனை, வாடகை, கடன் எல்லாம் எங்கள் பாடத்தில் வருகிறது. ஆனால் இவற்றை எந்த மாதத்தில் வாங்குவது, எந்த மாதத்தில் தொடவே கூடாது என்று முடிவு செய்கிற பஞ்சாங்கம் எந்தப் பாடத்திலும் வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. :-)

ஆடி மாதம் வீடு மாறக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆவணி பிறந்ததும் சந்தை விழித்துக்கொள்ளும். தீபாவளிக்கு "ஃபிளாட் புக் செய்தால் தங்க நாணயம்" என்று முழுப்பக்க விளம்பரம் வரும். தை பிறந்தால் கேட்கவே வேண்டாம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை இலவச வேன் கிளம்பிவிடும். இதெல்லாம் மக்களின் நம்பிக்கை மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. அரசாங்கமே இதற்கு ஏற்பாடு செய்கிறது. முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்குக் கூட்டம் வரும் என்பதால், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் வழக்கமான 100 டோக்கன்களை 150 ஆகக் கூட்டிப் பதிவுத்துறை அறிவிப்பு வெளியிடுகிறது!

மாமல்லபுரம் கடற்கரைக்கு இதோடு இன்னொரு சீசனும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத்துறையின் நாட்டிய விழா, புத்தாண்டு, காணும் பொங்கல் என்று வரிசையாக வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்படுத்தப்பட்டு 2002-ல் சுங்கச் சாலையான பிறகு கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகள் பலவும் பண்ணை வீடுகளாகவும் பீச் ஹவுஸ்களாகவும் மாறின. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கும் வீடுகள் இந்தச் சீசனில்தான் விளக்கேற்றிக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது பத்திரம் வைத்திருப்பவர்களின் காலண்டர். இதே கடற்கரையில் பத்திரம் இல்லாதவர்களுக்கும் ஒரு திருவிழா இருக்கிறது. அங்கேயும் வீடு கட்டுவார்கள். ஆனால் அந்த வீடு மூன்று நாள்தான் நிற்கும்.

மணலில் ஒரு ஊர்

மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாசி மகத்துக்கு ஸ்தலசயனப் பெருமாள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அதே சமயத்தில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள். கழிகளை நட்டு, பழைய சேலையையும் தார்ப்பாயையும் சுற்றிக் கட்டினால் வீடு ரெடி. மூன்று கல் வைத்தால் அடுப்பு. ஓரிரு நாளில் கடற்கரையில் ஒரு ஊரே எழுந்துவிடும்.

அவர்கள் வருவது கன்னியம்மனைக் கும்பிட. அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்து அழைக்கத்தான் வருகிறோம் என்று சொல்வார்கள். பௌர்ணமி விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் பழமும் வைத்துப் படைப்பார்கள். சாமி வந்து ஆடுபவர்கள் குறி சொல்வார்கள். குழந்தைகளுக்கு மொட்டையடிப்பது, காது குத்துவது, பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேதான். இந்த வருடம் பேசி முடித்த கல்யாணத்தை அடுத்த வருடம் அதே மணலில் நடத்துவதும் உண்டு. மண்டப வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது!

பூசை முடிந்ததும் சேலையை அவிழ்த்து, கழியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கணக்கில் யார் இருந்தார்கள்?

செங்கல்பட்டு சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது 1763-ல். உடனே கணக்கெடுப்பு தொடங்கியது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அந்த அளவைக்கு அடிப்படையாக இருந்த ஓலைக் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் 2001-ல் புத்தகமாகவே வந்தன. யார் யாருக்கு எத்தனை வீடு, மனை எவ்வளவு, புழைக்கடை எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டை எண்ணுவது நமக்குப் புதிதே இல்லை.

ஆனால் வீட்டில் குடியிருப்பது வேறு, அந்த மனை நம்முடையதாக இருப்பது வேறு. தொண்டை மண்டலத்தில் நிலம் மிராசுதார்களின் உரிமையில் இருந்தது. எல்லிஸ் துரை 1818-ல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய நூலே இந்த விஷயத்துக்காகத்தான். ஊர் நிலத்தோடு, பண்ணையாட்கள் குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாருடையதே. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் வேலை போகும், கூடவே வீடும் போகும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிக்கை இதைத்தான் எடுத்துச் சொன்னது. குடியிருக்கும் மனை சொந்தமாகாதவரை அவர்களுக்குச் சுதந்திரம் இல்லை என்பது அதன் சாரம்.

அடுத்த வருடமே, 1892-ல், அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகும் தங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டு இதே செங்கல்பட்டுப் பகுதியின் காரணை கிராமத்தில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனைக்கணக்கு இப்படியும் வந்து நின்றது.

கணக்கிலேயே வராதவர்கள்

இருளர்களின் கதை இதைவிடச் சிக்கலானது. காட்டோரம், ஏரிக்கரை, புறம்போக்கு, யாரோ ஒருவரின் தோப்பு என்று வாழ்ந்தவர்களுக்கு ஊரும் இல்லை, சேரியும் இல்லை. 1882-ன் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்குக் காடாக்கியது. பாம்புத் தோல் வியாபாரத்துக்கு வேட்டையாடிப் பிழைத்தவர்களுக்கு 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-ல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பையும் மூடின. சட்டங்கள் தேவையானவைதான். ஆனால் பிழைப்புக்கு மாற்று என்ன என்று சட்டம் யோசிக்கவில்லை.

வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அந்த மாற்றுகளில் ஒன்று. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் சங்கத்தில் சேர முடிந்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்களில் பலர் அரிசி ஆலைக்கும், மரம் வெட்டவும், செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் இந்த வட மாவட்டங்களில் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருந்தன. இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது பாருங்கள். பொங்கல் முடிந்து நாம் மனை வாங்கக் கிளம்பும் அதே காலத்தில்தான் சூளை சீசனும் சூடு பிடிக்கும். நம் வீட்டுக்குச் செங்கல் அறுத்தவருக்குச் செங்கல் வீடு இல்லை.

ஒரு தீபாவளி நாள்

2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக் கோவில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அமைச்சர் சேகர்பாபு வந்து அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். சில நாட்களில், நவம்பர் 4 அன்று, முதலமைச்சர் ஸ்டாலின் பக்கத்தில் இருக்கும் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ் முதலியவற்றைக் கொடுத்தார். அன்று தீபாவளி!

நல்ல நாளில் பத்திரம் வாங்குவது நமக்குச் சாதாரணம். ஆனால் அவர்களுக்கு அந்த நல்ல நாள் வர ஒரு வீடியோ தேவைப்பட்டது. பட்டா இல்லை என்றால் நிலையான முகவரி இல்லை, முகவரி இல்லை என்றால் மற்ற சான்றுகள் வாங்குவதும் கஷ்டம், சாதிச் சான்று இல்லை என்றால் பிள்ளையின் படிப்பும் உதவித்தொகையும் நின்றுபோகும். ஒரே ஒரு காகிதத்தில் இத்தனையும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் பேசுகிறார். ஏழைகளிடம் சொத்து இருக்கிறது, ஆவணம் இல்லாததால் அது செத்த மூலதனமாகக் கிடக்கிறது, ஆவணம் கொடுத்தால் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கி முன்னேறுவார்கள் என்பது அவர் வாதம். வகுப்பில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பஞ்சமி நிலத்தின் கதை நமக்கு வேறு பாடம் சொல்கிறது. மனை விலை ஏறும் கடற்கரையில், பணமுடை வரும் குடும்பத்திடம் காகிதம் மட்டும் இருந்தால் அது கைவிட்டுப் போக அதிக நாள் ஆகாது. அதனால் பட்டாவோடு வீடு, பக்கத்திலேயே வேலை, கந்துவட்டியில்லாத கடன் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். பட்டாவுக்குப் போடும் நிபந்தனையைக் காவல் காக்க ஆளும் வேண்டும். என் கருத்து இதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டாலும் கன்னியம்மனைக் கும்பிட வீட்டுக்குள் முடியாது. அதற்கு மணல் வேண்டும். 1991-ன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அலைக்கரையை ஒட்டிய கட்டடங்களுக்கு வரம்பு போட்டது. கடற்கரைக் கோவில் போன்ற தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது என்று 1992-ல் விதி வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டைப் பெரிதாக்க முடியவில்லையே என்று இந்த விதிகள் மேல் வருத்தம் உண்டு. அதுவும் நியாயம்தான். ஆனால் விலை இவ்வளவு ஏறிய ஒரு கரையில் மூன்று நாள் ஊர் எழும்ப இன்னும் இடம் மிச்சம் இருப்பதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பல்லவர் கல்லைக் காக்கப் போட்ட வேலி இருளர் மணலையும் காத்திருக்கிறது.

வீட்டுச் சந்தையின் வரலாற்றைப் பத்திரங்களை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வருடத்துக்கு ஒரு முறை மாசிப் பௌர்ணமியில் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் மாமல்லபுரம் போனால் கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே மணல் பக்கமும் நடந்து பாருங்கள். ஆனால் ஒன்று: அந்தச் சேலைக் கூரைக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மூன்று நாள்தான் என்றாலும் அது ஒருவருடைய வீடு.