சாம்பலுக்கு எல்லையில்லை

2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் ஹண்டர் தாம்ப்சன் என்னும் எழுத்தாளரின் அஸ்தி, 153 அடி உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து வாணவேடிக்கையோடு வானில் தூவப்பட்டது. அவர் உயிரோடிருந்தபோதே விரும்பியது அது. கேட்போரிற் சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும், இறந்தோரை வேட்டு முழங்க வழியனுப்புதல் தமிழருக்குப் புதிதன்று. சாம்பலை வானினின்று தூவுதலும் இந்நாடு கண்டதே. தம் அஸ்தியில் ஒரு பிடியைக் கங்கையில் இட்டு, பெரும்பகுதியை உழவர் பாடுபடும் வயல்களின்மேல் விமானத்திலிருந்து தூவுமாறு 1954இல் உயில் எழுதினார் நேரு. 1964இல் அவ்வாறே செய்யப்பட்டது.

வாணமாயினும் விமானமாயினும் நோக்கம் ஒன்றே. ஓரிடத்தில் அடங்காது, எங்கும் கலந்துவிடுதல்.

இவ்வுண்மைக்கு நம் அண்டையிலேயே சான்றுண்டு. 1948 பிப்ரவரி 12இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அந்நாளில் குமரி திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் காந்தி மண்டபம் எழுந்ததும் அதே 1956இல்தான். அண்ணலின் அகவையைக் குறிக்க 79 அடி உயரம். ஆண்டுதோறும் அக்டோபர் 2இல் அவ்விடத்தின்மேல் கதிரொளி படியுமாறு அமைப்பு.

எல்லைக்கோடு மாறியது, கடல் மாறவில்லை.

என் தந்தையார் பாறசாலையருகே திருவிதாங்கூர்க் குடியாகப் பிறந்தவர். ஊர் மாறாமலே கேரளத்தார் ஆனார். வீட்டில் இறுதிவரை தமிழே பேசினார். அவர் அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு களியக்காவிளை வழியே குமரிக்குச் சென்றேன். சோதனைச் சாவடியில் பேருந்து சற்றே நின்று நகர்ந்தது. கலயத்திலிருப்பவர் எம்மாநிலத்தவர் என்று எவரும் வினவவில்லை. வினவியிருப்பின் என்ன விடை சொல்லியிருப்பேன் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

பிழைப்பின்பொருட்டுப் பல ஊர்களிற் சிதறி வாழும் நாம், எம்மண்ணுக்கு உரியோம் என அடிக்கடி மயங்குகிறோம். தூவப்பட்ட சாம்பல் அலைகளோடு கலந்து மறைந்ததைக் கண்ட அன்று, என் மயக்கம் சிறிது தெளிந்தது. சிதறுதல் என்பது இழத்தல் அன்று, பரவுதலே.