கறுப்பாகும் வரை காத்திருக்கக் கூடாது

2021 மே மாதம் நினைவிருக்கிறதா உறவுகளே? கொரோனாவோடு சேர்த்து "கறுப்புப் பங்கசு" என்ற பெயரும் இந்தியாவிலிருந்து நம் வீடுகளுக்கு வந்தது. தொட்டால் ஒட்டிவிடும் என்று பயந்தோம். பிறகு மறந்துவிட்டோம். ஆனால் அது புதிய நோயல்ல. ஆளுக்கு ஆள் தொற்றுவதுமல்ல.

1885 இலேயே ஒஸ்திரியாவின் பல்டாஃப் என்ற வைத்தியர் இதைப் பற்றி எழுதிவிட்டார். பழைய பாணில் பூஞ்சணம் பிடிக்கிறதே, அந்த இனத்துப் பங்கசுகள்தான் காரணம். அவற்றின் வித்திகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் உண்டு. நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

சீனி வருத்தத்தோடு இதற்குள்ள தொடர்பு 1943 இல் தெளிவானது. அமெரிக்க வைத்தியர்கள் மூன்று நோயாளிகளைப் பற்றி அறிக்கையிட்டார்கள். மூவருக்கும் சீனி கட்டுப்பாடின்றிக் கூடி, இரத்தம் அமிலத்தன்மை அடைந்திருந்தது. பங்கசு மூக்கு, கண் வழியாக மூளைக்கு ஏறியது. மூவரும் இறந்தார்கள்.

ஏன் சீனிக்காரர்கள்? சீனி கூடினால் நோயை எதிர்க்கும் வெண்குழியங்கள் சோர்கின்றன. இரத்தம் அமிலமானால் பங்கசுக்குத் தேவையான இரும்பும் தாராளமாகக் கிடைக்கிறது.

1955 இல்தான் உயிர் தப்பிய முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை வந்தது. அதே காலத்தில், வெனிசுவேலாவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து அம்போடெரிசின் மருந்தும் உருவானது. மருந்து, சத்திரசிகிச்சை, சீனிக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்தபோது பலர் பிழைத்தார்கள்.

ஆனாலும் 2021 இல் இந்தியாவில் ஜூலை நடுப்பகுதிக்குள் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 4,300 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானோருக்குச் சீனி வருத்தம் இருந்தது. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீரொயிட் மருந்து சீனியை இன்னும் கூட்டியது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது பெயரைத்தான். பங்கசு இரத்தக் குழாய்களை அடைக்க, தசை செத்துப்போவதால் வருவதே அந்தக் கறுப்பு. கறுப்பைக் கண்டபின் ஓடினால் நேரம் போய்விட்டது. முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மரத்துப்போதல், மூக்கில் இரத்தம் கலந்த சளி, மேல்தாடைப் பல் ஆடுதல், இரட்டையாகத் தெரிதல்: சீனி வருத்தக்காரருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "சுகமாத்தானே இருக்கு" என்று வாப்பா மாத்திரையை நிறுத்துகிறார். விருந்தில் உம்மாவுக்கு இரண்டாம் துண்டு வட்டிலப்பத்தை நாமே வைக்கிறோம். கிளினிக் நாளை மறந்துவிடுகிறோம்.

1943 இல் அந்த மூவருக்கும் மருந்து இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இன்று வீட்டில் கிளினிக் கொப்பியை எடுத்து, கடைசியாகச் சீனி பார்த்த திகதியை ஒருமுறை பாருங்கள்.