காவலன் அறியவேண்டாத இரகசியம்: கடவுச்சொல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனி வலையமைப்புகளில் நிகழும் களவும் ஆள்மாறாட்டமும் பற்றி எழுதுவோர், எளிய கடவுச்சொல்லைத் தெரிவுசெய்த பயனரையே பெரும்பாலும் குற்றங் கூறுவர். பிறந்த திகதியையும் பிள்ளையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைப்போர் உள்ளமை உண்மையே. எனினும், கடவுச்சொல்லின் அறுபதாண்டு வரலாற்றை நோக்குமிடத்து, அதனை உருமாற்றிய நிகழ்ச்சிகள் பல பயனரிடமன்றி, எல்லோருடைய சொற்களையும் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த நிலையத்திலேயே நேர்ந்தன என்பது புலனாகும். வாயிற்காவலன் பிறருடைய இரகசியத்தைத் தானும் அறிந்திருத்தல் அவசியந்தானா என்னும் வினாவே இவ்வரலாற்றை இயக்கியது எனலாம்.

படைகளில் அடையாளச்சொல் வழங்கியமை பழைய வழக்கம். உரோமப் படைமுகாமிலே அச்சொல் மரப்பலகையில் எழுதப்பட்டு அணியணியாகக் கைமாறியதைப் பொலிபியசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் விவரித்துள்ளார். ஆயின் அது முகாம் முழுவதற்கும் பொதுவான சொல். நம்மவனா அந்நியனா என்று பிரித்தறிதற்கு அது போதும்; வந்தவன் இன்னான் என்று அறிதற்குப் போதாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்ற நிலை கணனியுலகில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே எழுந்தது. பேணாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் உருவான காலப்பகிர்வு முறைமை 1961 நவெம்பரில் அங்கு இயக்கிக் காட்டப்பட்டது. ஒரே பொறியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து பயன்படுத்தியமையால், ஒவ்வொருவருடைய கோவைகளையும் வேறுபிரித்துக் காக்கவேண்டியதாயிற்று. இதற்கெனப் புகுத்தப்பட்ட கடவுச்சொற்கள் யாவும் எழுதியவாறே ஒரு கோவையிற் கிடந்தன. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நான்கு மணித்தியாலம் போதாமையால், அக்கோவையை அச்சிட்டுத் தருமாறு கோரும் துளையட்டையை ஒரு வெள்ளியிரவு சமர்ப்பித்தார். சனி அதிகாலையில் அச்சுப்பிரதி வழக்கமான இடத்திற் கிடைத்தது. பூட்டு எதனையும் அவர் உடைக்கவில்லை. கேட்டார், பொறி கொடுத்தது. கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இதனை அவர் வெளியிட்டார். ஆய்வு வசதிக்காக மாணவர் படும் பாட்டை அறிந்தோர் அவரைக் கடிந்துகொள்ளச் சற்றுத் தயங்குவர்.

அதே முறைமையிற் பின்னர் நேர்ந்தது இதனினும் விந்தையானது. ஒரு நிருவாகி கடவுச்சொற் கோவையையும் இன்னொருவர் அன்றாட அறிவித்தலையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். இருவருடைய தற்காலிகக் கோவைகளும் ஒரே பெயரைப் பெற்று இடம்மாறிவிட, உள்நுழைந்தோர் முனையங்களில் அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் அச்சாகியது. இங்கு கள்வனே இல்லை. காவலனே களஞ்சியத்தைத் திறந்து காட்டினான்.

இதற்கான மாற்று கேம்பிறிட்ஜிற் பிறந்தது. றோஜர் நீடத்தின் அம்முறையைப் பேராசிரியர் வில்க்ஸ் 1968 இல் வெளியிட்ட தமது நூலிலே விளக்கினார். சொல்லை அப்படியே வையாது, ஒருவழிக் கணிப்புக்கு உட்படுத்திப் பெறும் விளைவை மாத்திரம் வைத்திருத்தலே அது. பயனர் சொல்லைத் தரும்போது மீண்டும் கணித்து, விளைவு ஒத்துள்ளதா எனப் பார்த்தாற் போதும். அரிசியை மாவாக இடிக்கலாம். மாவிலிருந்து அரிசியைப் பெறல் இயலாது.

பெல் ஆய்வுகூடத்து றொபேட் மொறிசும் கென் தொம்சனும் யுனிக்ஸ் முறைமையின் அனுபவத்தை 1979 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கப்படுவது. அவர்கள் திரட்டிய 3,289 சொற்களில் 15 ஓரெழுத்தாலும் 72 ஈரெழுத்தாலும் 464 மூவெழுத்தாலும் ஆனவை. அகராதி, பெயர்ப்பட்டியல் முதலியவற்றில் அகப்பட்டவை 492. நூற்றுக்கு 86 எளிதில் தேடிப் பிடிக்கத்தக்கனவாயிருந்தன. ஆகவே பயனரும் குற்றமற்றவரல்லர். ஆனால் ஆசிரியர்கள் அவர்களைக் கடிவதோடு நின்றுவிடாது, கணிப்பை வேண்டுமென்றே மெதுவாக்கினர்; 4,096 இலக்கங்களுள் எழுந்தமானமாக எடுத்த ஒன்றை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்தனர். 'உப்பு' எனப்படும் இச்சேர்க்கையால், ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் விளைவுகள் பெரும்பாலும் வேறுபடும். அகராதி முழுவதையும் முன்கூட்டியே கணித்துவைக்க முயலும் கள்வனின் வேலை 4,096 மடங்காகும்.

ஆயினும், விளைவுதானே என்ற நம்பிக்கையில் அக்கோவையை யாவரும் வாசிக்கும்படி விட்டிருந்தனர். 1988 நவெம்பர் 2 ஆந் திகதி இணையத்திற் பரவிய புழு பயன்படுத்திய வழிகளுள் இதுவும் ஒன்று. தன்னகத்தே கொண்டிருந்த 432 சொற்களைக் கணித்து அது ஒப்பிட்டுப் பார்த்தது. அதனை எழுதியவர் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் ரப்பான் மொறிஸ். மேற்கூறிய கட்டுரையாசிரியரின் மகன்.

வலையமைப்புகள் பெருகியபோது வாயிலைப் போன்றே வழியும் ஆபத்தாயிற்று. கம்பியிற் செல்லும் சொல்லை இடையிலுள்ளோர் ஒற்றுக்கேட்கலாம். நீடமும் மைக்கல் ஷ்றோடரும் 1978 இல் வகுத்த நெறிமுறைகள் இதற்கு விடைதேடின. அவற்றுள் ஒன்றைத் தழுவி மசாசூசெற்ஸில் உருவான கேர்பரஸ் முறைமையிற் கடவுச்சொல் கம்பியிற் செல்வதேயில்லை. காலவரையறையுள்ள 'சீட்டு' மட்டுமே செல்லும். சிறந்த ஏற்பாடுதான். ஆனால் அதன் நடுநாயகமான சேவையகம் எல்லோருடைய திறவுகோல்களையும் வைத்திருக்கவேண்டியதாயிற்று. நீடம் ஒருமுறை வெளியேற்றிய சிக்கல் வேறு வாயிலால் மீண்டது. அவருடைய மற்றைய நெறிமுறையில், ஒருவர் பிறராக நடித்தற்கு இடமிருந்ததை கவின் லோ 1995 இற் காட்டினார். பல அறிஞர் படித்த சில வரிகளில் அவ்வழு 17 ஆண்டுகள் மறைந்திருந்தது.

டிபியும் ஹெல்மனும் 1976 இலேயே வேறொரு பாதையைச் சுட்டியிருந்தனர். திறவுகோலை இரண்டாக்கி, ஒன்றைப் பயனரிடமும் மற்றையதைப் பகிரங்கமாகவும் வைத்தால், காவலனிடம் திருடுதற்கு எதுவும் இராது. 2019 மார்ச்சில் டபிள்யூ3சி அமைப்பு நியமமாக ஏற்ற வெப்ஓத்தன் முறை இவ்வழியையே பின்பற்றுகின்றது. அந்தரங்கத் திறவுகோல் பயனரின் கருவியிலேயே தங்கும். தளத்தின் முகவரியோடு அது பிணைக்கப்படுவதாற் போலித் தளத்துக்கும் ஏமாறாது. ஆனால் கருவி தொலைந்து, பிரதியும் இல்லாதபோது, வந்து முறையிடுபவர் இன்னார்தான் என்பதை நிலையத்தின் அலுவலர் ஒருவரே தீர்மானிக்க நேரலாம். ஆள்மாறாட்டக்காரர் நாடும் வாயில்களுள் அதுவும் ஒன்று.