ஆவியும் ஈரமும்: வைத்தியக் கருவிகளின் ரசாயனக் கிருமி நீக்கம் பற்றிப் பாரிஸ் தரும் சாட்சியம்

பாரிஸ் மாநகரின் வடபால், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அண்மையில், ஈழத் தமிழரும் புதுச்சேரித் தமிழரும் கடை வைத்து வாழ்வதால் நம்மவரிடையே லாச்சப்பல் என்று பெயர் விளங்கும் பகுதியில், மளிகைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவே நடந்து செல்பவர், வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தம்மையறியாமலே கடந்து போகிறார். ஃபோபூர் ஸேன்-தெனி வீதியில் 200ஆம் இலக்கமிட்டு நிற்பது ஃபெர்னான் விதால். பாரிஸ் நகரத்து விஷமுறிவு ஆலோசனை நிலையத்தின் பெயர் அதனோடு இணைந்தது. ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தை ஒட்டி நிற்பது லரிபுவாஸியேர். 1832ஆம் ஆண்டின் வாந்திபேதி பாரிஸில் ஏறத்தாழ 18,000 உயிர்களைக் கொண்டுபோன பின்னர், ஒரு சீமாட்டி விட்டுச்சென்ற பெருந்தனத்தின் துணையோடு கட்டி முடிக்கப்பட்டு 1854இல் திறக்கப்பட்ட இந்த ஆஸ்பத்திரி, நோய் கெட்ட காற்றினால் பரவுகிறது என்ற அக்காலச் சித்தாந்தத்தையே ஆதாரமாகக் கொண்டு, ஒன்றையொன்று நெருங்காத தனித்தனிக் கட்டடங்களாகவும், இடையிடையே முற்றங்களாகவும், உயர்ந்த ஜன்னல்களாகவும் நிர்மாணிக்கப்பட்டது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அதன் அமைப்பை மெச்சினார். ஆயினும், காற்று எவ்வளவு தாராளமாக உலவியபோதிலும், அறுவைச் சிகிச்சைக்குப்பின் காயம் சீழ்ப்பிடித்து இறப்பது அங்கே நின்றுவிடவில்லை. ஏனெனில் சீழுக்குக் காரணமானது வைத்தியரின் கையிலும் கத்தியிலும் கட்டுத்துணியிலும் இருந்தது.

காற்றைக் குற்றவாளியாக்கிய அந்தச் சித்தாந்தம் பிழையானதுதான். ஆனால் ரசாயன ஆவியால் தொற்றை அழிக்கலாம் என்ற எண்ணம் பிறந்ததும் அதிலிருந்தே. 1773இல் தீஜோன் நகரத்தில், தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்த சடலங்களின் துர்நாற்றத்தைப் போக்குவதற்கென்று, உப்பின்மேல் கந்தகாமிலத்தை வார்த்து எழுந்த ஆவியைக் கட்டடமெங்கும் நிரப்பிய கித்தோன் த மொர்வோ என்ற ரசாயன அறிஞர், அந்த ஆவி எதைத் தாக்குகிறது என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. நாற்றம் போயிற்று, ஆகவே நோயின் மூலமும் போயிற்று என்று அவர் காலத்தவர் கொண்டனர். புலனுக்குத் தெரியும் ஒரு மாறுதலைக் கண்டு, புலனுக்கு எட்டாத மற்றொன்று நிகழ்ந்துவிட்டதாக நிச்சயித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், ஆவிச் சாதனங்களைக் கையாள்வோரிடம் இன்றும் அற்றுப்போகவில்லை.

இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட முற்படுவது இதுவே: கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வதில் ரசாயன ஆவிக்குள்ள மதிப்பு, அதன் கொல்லும் ஆற்றலைக் காட்டிலும், கருவியை ஈரமின்றி, உறைக்குள் இருந்தபடியே, பின்னர் எந்த நீரும் தீண்டவேண்டாத நிலையில் ஒப்படைப்பதைப் பொறுத்தது. கொல்லும் ஆற்றல் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அழுத்தமூட்டிய நீராவிக்கு எதிரே எந்த ரசாயனமும் நிற்காது.

இத்துறையில் பயின்றுவரும் ஆவிகளுள் தலையாய மூன்றின் பூர்வோத்திரமும் ஏதோ ஒரு வகையில் பாரிஸைத் தொடுகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடை 1818இல் கண்டவர் பாரிஸ் ரசாயன அறிஞர் தேனார். எத்திலீன் ஆக்ஸைடை 1859இல் முதன்முதல் ஆக்கியவர் அந்நகரத்து வூர்ட்ஸ். அதைச் செலவு குறைவாகப் பெருமளவில் தயாரிக்க வழிசெய்த வெள்ளி வினையூக்கி முறையும் 1931இல் லெஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டதே. ஃபார்மால்டிஹைடைத் தன் இயல்பு தோன்றாத ஒரு கூட்டுருவில் 1859இல் பெற்ற ருஷ்ய நாட்டுப் பூட்லெரோவ், அதற்குச் சற்று முன்னர் வூர்ட்ஸின் ஆய்வுக்கூடத்தில் சில காலம் வேலை செய்தவர். அங்கே அவர் ஆக்கிய பொருளொன்றே பிந்திய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. ஃபார்மால்டிஹைடின் கிருமிநாசினித் தன்மையை எடுத்துக்காட்டி, அடைத்த அறைகளை அதன் ஆவியால் நிரப்பும் கருவியை அமைத்தவர் திரியா. ஃபார்மலினைக் கால்சியம் குளோரைடோடு கலந்து அழுத்தக் கலத்தில் சூடேற்றி, கதவின் சாவித் துவாரத்தில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியாக ஆவியை அறைக்குள் செலுத்துவது அவர் முறை.

இவையெல்லாம் கைவசம் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் சத்திர வைத்தியர்கள் உஷ்ணத்தையே தேர்ந்தனர். பாஸ்தரின் சீடரான ஷாம்பெர்லான் 1880ஐ ஒட்டி அமைத்த அழுத்தக் கலமும், ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் சத்திர வைத்தியர் தெரியோனோடு உழைத்த பூப்பினெல் 1885இல் புகுத்திய வறட்சூட்டு அடுப்பும் வென்றன. இந்த வெற்றி நியாயமானது. 121 டிகிரியிலோ 134 டிகிரியிலோ நிற்கும் நீராவி குளிர்ந்த இரும்பைத் தொட்டவுடன் திரவமாகி, தன்னுள் அடங்கிய மறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுவதால், கருவியின் மேற்பரப்பு முழுவதிலும் புரதங்கள் குலைகின்றன; அதற்கு மிச்சமாக விஷமில்லை, கழிவில்லை, விலையும் அற்பம்.

அப்படியாயின் ரசாயன ஆவி ஏன் மீண்டும் வந்தது? இரண்டு வெவ்வேறு தேவைகளால் வந்தது. அவற்றை ஒன்றெனக் கொண்டு எழுதுவோர் பலர்.

முதலாவது, துரு. பல் வைத்தியர் கையாளும் கார்பன் எஃகுத் துளையூசிகளும் செதுக்கிகளும் நீராவியில் சிலமுறை வெந்தாலே கூர் மழுங்கித் துருவேறும். இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் ஹாலன்பாக் என்ற பல் வைத்தியர் வகுத்த முறையில், பெரும்பாலும் ஆல்கஹாலும் 0.23 சதவீதம் ஃபார்மால்டிஹைடும் சிறிதளவே நீரும் சேர்ந்த திரவத்தை மூடிய கலத்தில் ஏறத்தாழ 132 டிகிரிக்குச் சூடேற்றி, அழுத்தத்தின்கீழ் குறைந்தது 20 நிமிஷம் வைத்திருப்பர். இதன் உஷ்ணம் நீராவியின் உஷ்ணத்துக்குச் சமம் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். மென்மையான பிளாஸ்டிக் பொருளை இதில் இட்டால் உருகிவிடும். இந்த முறையில் லாபம் என்று சொல்லத்தக்கது வறட்சி ஒன்றே. அதன் நிபந்தனையும் அதுவே: கருவிகளைத் துடைத்து உலர்த்தியபின்தான் உள்ளே வைக்கவேண்டும், நனைந்தபடி வைத்தால் துருவும் பிடிக்கும், கிருமி நீக்கமும் குறைபடும்.

இரண்டாவது, உஷ்ணம் தாங்காத பொருள்கள்: வடிகுழாய்கள், கண்ணாடி இழைகள் பதித்த உள்நோக்கிகள், மின்னணு உறுப்புகள், கண்ணுக்குள் பொருத்தும் அக்ரிலிக் வில்லைகள். இவற்றுக்கு நெடுங்காலம் ஒரே கதி எத்திலீன் ஆக்ஸைடு. 37 முதல் 63 டிகிரி வரையிலான மிதமான சூட்டில், நீண்ட குறுகிய குழாயின் உள்ளறை வரை ஊடுருவிச் செல்லும் அதன் திறமைக்கு இணை இன்றும் இல்லை. ஆயினும் இங்கே ஒரு விசித்திரம் உண்டு. முற்றும் உலர்ந்த கிருமி வித்தை அந்த வாயு எளிதில் கொல்லாது. கலத்தினுள் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 80 சதவீதம் வரை இருக்கவேண்டும். ஆனால் கருவியின்மேல் நீர்த்துளியாக ஈரம் நின்றுவிட்டால், வாயு அந்த நீரோடு கூடி கிளைக்கால் ஆகி வீணாகிறது. வூர்ட்ஸ் தம் மேசைமேல் ஆராய்ந்த அதே மாற்றந்தான், நூற்றாண்டு கடந்து ஆஸ்பத்திரிக் கலத்துக்குள் தொல்லையாக வந்து நிற்கிறது. ஆகவே நான் வறட்சி என்று சொல்லும்போது, ஈரப்பதமே கூடாது என்று கொள்ளலாகாது. துளி கூடாது என்பதே பொருள்.

இந்த வாயுவின் விஷத்தன்மையை விரித்துரைக்கத் தேவையில்லை. காற்றோடு கலந்து வெடிக்கும்; பிளாஸ்டிக்கினுள் தங்கி, 8 முதல் 12 மணி நேரம் சூடான காற்றோட்டத்தில் வைத்தாலன்றி வெளியேறாது; 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று தீர்மானித்தது. பொருத்தமான வேறு முறை எதுவும் இல்லாதபோது மாத்திரமே இதைப் பிரயோகிக்கலாம் என்று பிரெஞ்சு அரசு 1979ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அவ்வாறு சொல்லியும், 2011இல் பிரசவ விடுதிகளின் குழந்தைப் புட்டிகளும் சூப்பிகளும் இந்த வாயுவால் கிருமி நீக்கப்பட்டவை என்ற செய்தி பத்திரிகையில் வெளிவந்து நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. கொதிநீரே போதுமான இடத்தில் விஷவாயுவைக் கொண்டுவந்த சோம்பல் அது என்பது என் அபிப்பிராயம்.

இனி, என் வாதத்தின் மையமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஸேன் நதிக்குத் தென்கரையில், பாரிஸின் ஐந்தாம் வட்டாரத்தில் இருந்த கிளினிக் து ஸ்போர் என்ற தனியார் வைத்தியசாலையில், 1988க்கும் 1993க்கும் இடையே முதுகெலும்பு வட்டுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுள் 58 பேருக்கு, மைக்கோபாக்டீரியம் ஸெனோப்பி என்ற கிருமி எலும்புக்குள்ளேயே குடியேறியது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இது, முதலில் ஆப்பிரிக்கத் தேரையொன்றின் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நகரத்து வெந்நீர்க் குழாய்களில் சுகமாக வளர்வது. வலி தொடங்கி நோய் இன்னதென்று தெளிவதற்குச் சிலருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1997இல் சுகாதார அதிகாரிகள் 3,000க்கு மேற்பட்ட பழைய நோயாளிகளைத் தேடி அழைத்துப் பரிசோதிக்க நேர்ந்தது. காரணம் ஆராயப்பட்டபோது வெளிப்பட்டதாவது: கருவிகளை ரசாயனக் கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்தனர், அந்த ரசாயனம் நோயாளியின் திசுவை எரிக்காதிருக்கவேண்டுமென்று, எடுத்தபின் குழாய் நீரில் அலசினர், அலசிய நீரிலேயே கிருமி இருந்தது.

இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். திரவம் தன் வேலையைச் செவ்வையாகச் செய்தது என்றே வைத்துக்கொண்டாலும், அலசல் என்ற செயல் தவிர்க்க முடியாததாகி, அதுவரை செய்த அனைத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. ஊறவைக்கும் முறையின் குறைபாடு மருந்தின் வீரியத்தில் காணப்படுவதன்று. அம்முறையின் வடிவத்திலேயே பொதிந்திருக்கிறது. உறைக்குள் வைத்து ஆவியூட்டிய கருவிக்கு அலசலே வேண்டியதில்லை. பெராக்ஸைடு ஆவியும் அதிலிருந்து எழும் பிளாஸ்மாவும் பயிலும் கலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பிரத்தியட்சம்: ஏறத்தாழ 50 டிகிரியில், ஒரு மணி நேரத்துக்கு அதிகமோ குறைவோ ஆன பொழுதில், ஆவி தன் காரியத்தை முடித்து நீராகவும் பிராணவாயுவாகவும் சிதைந்துவிட, ஒருபுறம் கண்ணாடிபோல் தெளிந்தும் மறுபுறம் வெண்ணிறச் செயற்கை நாரால் ஆகியும் உள்ள உறை, சிவந்த அடையாளக் கோடு மஞ்சளித்து, தொட்டால் உலர்ந்து சரசரக்க வெளியே வருகிறது. உள்ளே வைக்கும்போது ஈரம் மிஞ்சியிருந்தால் இயந்திரமே வேலையை நிறுத்திவிடும். காகிதமும் பருத்தியும் ஆவியை உறிஞ்சிவிடும் என்பதால் அவற்றுக்கும் அனுமதியில்லை. இவற்றைக் குறை என்று கூறுவர். நான் இவற்றைக் கட்டாயமாக்கப்பட்ட ஒழுக்கம் என்று மதிக்கிறேன்.

ஆனால் ஆவிகளுக்குள்ளும் பேதம் உண்டு என்பதைக் கற்பித்தது பிரியான் பீதி. பிணங்களின் மூளைச் சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை 1980களில் குழந்தைகளுக்கு ஏற்றியதன் விளைவாக நூற்றுக்கு மேற்பட்டவர் க்ரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோயால் மாண்ட தேசம் பிரான்ஸ். கேவலம் பிரியான் என்ற ஒரு புரதமே தொற்றாகும் இந்நோயில், புரதத்தை அழிக்காமல் இறுக்கிவிடும் ரசாயனம் ஆபத்தானது. வெண்கரு சூடான சட்டியில் பற்றிக்கொள்வதைப்போல், ஆல்டிஹைடுகள் இரத்தத்தையும் திசுவையும் இரும்போடு பிணைத்துவிடுகின்றன. 2001ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் சுற்றறிக்கை ஆல்டிஹைடுகளை ஒதுக்கி, உஷ்ணம் தாங்கும் கருவிகளுக்கு 134 டிகிரியில் 18 நிமிஷ நீராவியை விதித்தது. பாரிஸுக்கருகே ஃபோந்தனே-ஒ-ரோஸ் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபிஷேயும் தெஸ்லீஸும் அவர்தம் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஆவியாக்கிய பெராக்ஸைடு பிரியானின் தொற்றுத்தன்மையைப் பெரிதும் குறைப்பதைக் காட்டியது. ஆகவே ஃபார்மால்டிஹைடுக்கும் பெராக்ஸைடுக்கும் ஒரே மதிப்பிடுவது தகாது.

என் வாதத்துக்கு எதிராக நெகிழ்குழாய் உள்நோக்கிகளைக் காட்டலாம். அவற்றின் நீண்ட குறுகிய துவாரங்களில் பெராக்ஸைடு ஆவி எளிதில் புகாது. ஆதலால் பிரெஞ்சு ஆஸ்பத்திரிகள் பெராசெட்டிக் அமிலத் திரவத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கின்றன, அலசலும் தொடர்கிறது. உண்மை. ஆனால் அந்த அலசல் நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அதிலுள்ள கிருமிகளை எண்ணிக் குறிப்பேட்டில் பதியவேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அதுவே நீர்தான் பலவீனமான கண்ணி என்பதை ஒப்புக்கொள்வதாகும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிகளின் கிருமி நீக்கம் மருந்தாளுநரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. மருந்தைப்போலவே கருவிக்கும் தொகுதி எண்ணும், யாருக்குப் பயன்பட்டது என்ற பதிவும் உண்டு.

தமிழ்நாட்டின் நிலையை நோக்கினால் இந்தப் பாடம் தூரத்துச் செய்தியாகத் தோன்றாது. 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் வைத்திய நிலையத்தோடு தொடர்புபட்டு மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் நோயால் எட்டுப் பேர் இறந்ததை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். எலும்புறையை நீக்கும் கருவியால் உப்புநீர்ப் புட்டியைத் திறந்து, மிஞ்சியதைச் சரிவர மூடாமல் வைத்து, மறுபடியும் அடுத்தவர் வாயில் ஊற்றியிருக்கின்றனர். பாரிஸில் குழாய் நீர், வாணியம்பாடியில் புட்டி நீர்: இரண்டிலும் கருவி தூய்மையடைந்ததா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, கருவியைப் பிறகு தொட்டது எது என்ற கேள்வியே உயிர்களைத் தீர்மானித்தது.

ஃபார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கலந்து அறுவை அறையைப் புகையூட்டும் வழக்கமும், உள்நோக்கிக் கண்ணாடிகளை ஃபார்மலின் மாத்திரை இட்ட பெட்டியில் இரவு முழுதும் மூடிவைக்கும் வழக்கமும் நம் நாட்டுச் சிறு ஆஸ்பத்திரிகளில் இன்னமும் மறையவில்லை. அந்தப் பெட்டியில் உஷ்ண அளவுமில்லை, ஆவியின் செறிவை அறிய வழியுமில்லை, கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் வித்துப் பரிசோதனையுமில்லை; கண்ணெரிவு ஒன்றே சாட்சியம். ஃபார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் 2004இல் சேர்ந்துவிட்டது. ஆதலின், ஆஸ்பத்திரி நிர்வாகிகள் அந்தப் பெட்டிகளை அகற்றி, நீராவி தாங்கும் எதையும் நீராவிக்கே அனுப்பி, தாங்காதவற்றுக்குப் பல ஆஸ்பத்திரிகள் கூடி ஒரு பெராக்ஸைடு கலத்தைப் பொதுவில் வாங்கி, அதற்கு முன்னதாகக் கழுவும் தொட்டிக்கும் உலர்த்தும் அலமாரிக்கும் வாரந்தோறும் வைக்கும் வித்துப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். உப்புநீர்ப் புட்டி சிறியதாக, ஒருவருக்கு ஒன்றாக வாங்கப்படட்டும்.