திவால்

கடனை அடைக்க வழியின்றிக் கைவிரித்த நிலை. தமிழில் நொடித்துப்போதல், பேச்சுவழக்கில் ‘மஞ்சள் கடுதாசி’. இந்தியில் ‘திவாலா’, மராத்தியில் ‘திவாளே’. நொடித்த வணிகர் பட்டப்பகலில் கடையில் விளக்கேற்றி அதை ஊருக்கு அறிவிப்பாராம். ‘தியா’ என்ற விளக்கின் பெயரிலிருந்தே சொல் பிறந்தது என்பது வழிவழி விளக்கம்.

பம்பாய் திவாலை 1865-இல் பட்டறிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைபட, பம்பாய்ப் பருத்திக்கு ஏக கிராக்கி. வந்த பணம் பங்குச் சூதாட்டத்தில் பாய்ந்தது. போர் ஓய்ந்ததும் பருத்தி விலை சரிந்தது. 2,850 ரூபாயைத் தொட்டிருந்த பாங்க் ஆஃப் பம்பாய் பங்கு 87 ரூபாய்க்கு விழுந்தது. 1868-இல் வங்கியே மூடப்பட்டது.

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் திவால் மனு கொடுத்தது லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி. வாராத வீட்டுக்கடன்கள் அதைச் சாய்த்தன. மும்பைப் பங்குச்சந்தையும் ஆட்டம் கண்டது.

இந்தியாவில் இப்போது நிறுவனங்களின் திவால் வழக்குகள் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கின்றன.