சந்திரகாந்தாவும் இலக்கியத் தகுதியும்: ஒரு மதிப்பீட்டின் வரலாறு

ஒரு நூல் பலரால் விரும்பிப் படிக்கப்படுவதும் அது இலக்கியம் என ஏற்கப்படுவதும் வேறு வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலான பிணக்கு இந்தியில் மிகத் தெளிவாகப் புலப்படுவது, தேவகிநந்தன் கத்ரியின் (1861-1913) ‘சந்திரகாந்தா’ பற்றிய மதிப்பீடுகளில் ஆகும். அம்மதிப்பீடுகள் சுவையை மட்டும் அளந்தனவா, மொழிநடையையும் உடன் அளந்தனவா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. நூலும் மரபும்

காசியில் வாழ்ந்த கத்ரி, சக்கியா, நவ்கட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்துத் தொழில் செய்தவர். அக்காடுகளும் அங்கிருந்த பாழடைந்த கோட்டைகளும் அவர்தம் கதைக்களமாயின. 1888இல் ‘சந்திரகாந்தா’ வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான ‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பகுதிகளாக வளர்ந்தது. இளவரசன் வீரேந்திரசிங், இளவரசி சந்திரகாந்தா ஆகியோரின் காதல் கதைக்குத் தொடக்கமாக அமைந்தாலும், வாசகரை ஈர்த்தவை ‘ஐயாரி’, ‘திலிஸ்ம்’ என்னும் இரு கூறுகளே. முன்னது மாறுவேடமும் தந்திரமும் கலந்த ஒற்றுத்தொழில். பின்னது புதையலைக் காக்கும் புதிர்க்கட்டடம்.

இவை உருது தாஸ்தான் மரபிலிருந்து வந்தவை. இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட அமீர் ஹம்சா கதைத்தொகுதி 46 மடலங்கள் கொண்டது. அதன் புகழ்மிக்க பகுதியான ‘திலிஸ்ம்-எ-ஹோஷ்ருபா’ 1883 முதல் வெளிவரலாயிற்று. எனினும் கத்ரி அம்மரபை அப்படியே எடுத்தாளவில்லை. தாஸ்தானில் திலிஸ்ம் மந்திரவாதியின் படைப்பு. கத்ரியிடம் அது பொறிகளால் இயங்குவது. மந்திரத்தின் இடத்தைப் பெரும்பாலும் மயக்கமருந்தும் விசையும் பெற்றன. இத்தகைய நூல்களைப் படிப்பவர் எளிதில் ஏமாற மாட்டார் என்று முன்னுரையில் அவர் கூறியிருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

2. இரு தீர்ப்புகள்

இந்தி இலக்கிய வரலாற்றை 1929இல் நூலாக வெளியிட்ட இராமச்சந்திர சுக்ல, கத்ரியைப் பற்றி மூன்று கருத்துகளைக் கூறினார். நிகழ்ச்சிகளின் விந்தையே இக்கதைகளின் நோக்கம். சுவையும் உணர்வும் பாத்திரப்படைப்பும் இல்லாமையால் இவை இலக்கிய வகையுள் அடங்கா என்பது முதற்கருத்து. ஆயினும் இவரைப்போல் வாசகரை உருவாக்கிய இந்தி நூலாசிரியர் வேறொருவர் இல்லை. உருது மட்டும் அறிந்த பலர் இவரைப் படிப்பதற்காகவே இந்தி கற்றனர் என்பது இரண்டாவது. இவர் எழுதியது இலக்கிய இந்தி அன்று, ‘இந்துஸ்தானி’ என்பது மூன்றாவது.

மூன்றாவது கருத்தே இங்குச் சிறப்பாக எண்ணத்தக்கது. காசியில் நாகரி பிரசாரிணி சபை 1893இல் தோன்றியது. 1900இல் வடமேற்கு மாகாணங்கள், அவத் ஆகியவற்றின் நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கு இசைவு கிடைத்தது. உருதுவிலிருந்து வேறுபட்ட தரநடை ஒன்றை இந்தி தேடிய காலம் அது. சபை உருவாக்கிய பேரகராதியின் முன்னுரையாக எழுதப்பட்டதே சுக்லவின் வரலாறு. அகராதி செய்தவர், அகராதி வேண்டாத நடையில் எழுதியவரை மதிப்பிட்டார் எனலாம். நாகரியில் அச்சாகியும் உருதுச் சொற்களை விலக்காத நடை, புதிய தரத்துக்குப் புறம்பாக நின்றது. எனினும் பாத்திரங்கள் ஆழமற்றவை என்ற குறையை மொழி அரசியலாக மட்டும் கருதி ஒதுக்கிவிட இயலாது. நூலைப் படிப்போர் எவரும் அதனை உணர்வர்.

இரண்டாவது தீர்ப்பு பிரேம்சந்துடையது. சிறுவயதில் கோரக்பூரில் ஒரு புகையிலைக் கடையில் ஹோஷ்ருபாவைக் கேட்டு மகிழ்ந்தவர் அவர். அவரே 1936இல் இலக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுத் தலைமையுரையில், வாழ்க்கையோடு தொடர்பற்ற கற்பனைக்கு எடுத்துக்காட்டாகச் ‘சந்திரகாந்தா சந்ததி’யைச் சுட்டினார், அழகின் அளவுகோல் மாற வேண்டும் என்றார். சுக்லவின் அளவுகோல் சுவைக்கோட்பாடு சார்ந்தது. பிரேம்சந்தின் அளவுகோல் சமூகப் பயன். நோக்கில் வேறுபட்ட இருவரும் ஒரே நூலை ஒதுக்கினர்.

3. மறுமதிப்பீடு

1999இல் சம்சுர் ரகுமான் பாரூக்கி தாஸ்தான் பற்றிய தம் ஆய்வின் முதல் மடலத்தை வெளியிட்டார். தாஸ்தான் வாய்மொழியாகக் கூறப்படுவது. அதனை நாவலின் இலக்கணத்தால் அளத்தல் பொருந்தாது என்பது அவர்தம் வாதம். நிகழ்ச்சிப் பெருக்கமும் திரும்ப வருதலும் அங்குக் குறைகள் அல்ல, கூறுமுறையின் உறுப்புகள். இவ்வாதம் கத்ரிக்கு ஓரளவே பொருந்தும். அவர் கேட்போர்க்காக அன்றி அச்சில் படிப்போர்க்காக எழுதியவர். இரண்டு அளவுகோல்களுக்கும் இடைப்பட்ட நூல் என்பதாலேயே ‘சந்திரகாந்தா’ இரண்டினாலும் முழுமையாக அளக்கப்படவில்லை.

4. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

இவ்வழக்கு மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. இலக்கியம் அன்று என்று ஒதுக்கப்பட்ட நூல், மொழிபெயர்க்கத்தக்க நூல்களின் பட்டியலிலிருந்தும் நழுவுகிறது. மொழிபெயர்க்க முற்படுவோர்க்கோ சொல்தோறும் இடர் உண்டு. ‘ஐயார்’ என எழுத்துப்பெயர்த்தால் தமிழில் ‘ஐயர்’ என மயங்கும். ‘ஒற்றன்’ என்றால் மாறுவேடக்கலை மறையும். ‘திலிஸ்ம்’ என்பதை ‘மாயமாளிகை’ எனப் பெயர்த்தால், கத்ரி நீக்கிய மந்திரத்தை நாம் மீண்டும் புகுத்தியவராவோம். இவற்றினும் அரிது நடை. தூய செந்தமிழில் பெயர்த்தால், சுக்ல விரும்பியிருக்கக்கூடிய நூல் கிடைக்கும். கத்ரி எழுதிய நூல் கிடைக்காது.

எனவே, தரம் பற்றிய ஒரு தீர்ப்பைக் காணும்போது, அது கதையைப் பற்றியதா, கதை சொல்லப்பட்ட மொழியைப் பற்றியதா எனப் பிரித்தறிதல் ஆய்வாளர் கடன். சுக்ல அதற்கு இடம் வைத்தே எழுதினார். நூலை இலக்கியத்திற்கு வெளியே நிறுத்தியவர், அதன் வாசகரை இலக்கிய வரலாற்றிற்கு உள்ளே எழுதி வைத்தார். அவ்விரு கூற்றுகளையும் சேர்த்துப் படித்தலே முறையாகும்.