மட்டாஞ்சேரி ஷெட்டில் ஒரு மெட்ராஸ் கார்

ஊர்ப் பக்கம் வீட்டை விற்கும்போது கடைசியாக ஒரு கேள்வி வந்து நிற்கும். நண்பர் ஒருவருக்கு வந்தது இப்படி: "மட்டாஞ்சேரி வீட்டு ஷெட்ல அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்த மெக்கானிக் பிளைவீல் கழல மாட்டேங்குது, உடைச்சுத்தான் எடுக்கணும்ங்கறார். உடைக்கச் சொல்லிடவா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்ல 1948-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி பிறந்தது. யூனியன் கம்பெனிக்காரர்களும் இங்கிலாந்தில் கவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியும் கூட்டு. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு காரைப் பெட்டிகளில் இறக்கி இங்கே முடுக்கினார்கள். அப்போது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. வெறுமனே முடுக்கி விற்பவர்கள் வேண்டாம், பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்று அரசு முடிவெடுக்க, இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. மிச்சம் இருந்த கார்க்காரர்கள் மூன்று பேர்: கல்கத்தாவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அடுத்த முப்பது வருஷத்துக்கு இந்திய நடுத்தரக் குடும்பத்தின் கார்க் கனவு இந்த மூன்றுக்குள்தான். (அதற்கும் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் கூட சீக்கிரம் அமைந்துவிடும்.)

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கார்களெல்லாம் ஒரே கூடாக பாடி கட்டும் முறைக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்டு மட்டும் பழைய மாதிரி தனி சேஸி, அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி. காரணம் வேடிக்கையானது. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் இல்லாததால், கிடைத்த இடங்களில் துண்டுகளாகச் செய்து சேர்த்தார்கள். அவர்களுக்கு வந்த தலைவலி நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு வரமாகிவிட்டது. மட்கார்டோடு சேர்ந்து முழு பானெட்டும் முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்!

இந்தியாவில் 1961-லிருந்து 948 சிசி எஞ்சினோடு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வட்டமடிக்க இருபத்தைந்து அடி போதும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு பக்கம் காயலைப் பார்த்த கிடங்குகள், இன்னொரு பக்கம் மிளகு, சுக்கு மூட்டை ஏற்றும் வண்டிகள், நடுவே ஒரு கார் திரும்ப வேண்டும். 1957-ல் மிளகு வியாபாரிகளின் சங்கம் இங்கேதான் தொடங்கியது. குஜராத்திகள், கொங்கணிகள், யூதர்கள், கட்சி முஸ்லிம்கள், நம் தமிழர்கள் என்று பல பாஷைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு வியாபாரம் பண்ணிய ஊர். அம்பாசடர் அங்கே திரும்புவதற்குள் பின்னால் ஒரு மாநாடே கூடிவிடும்.

ஹெரால்டுக்கு ஒரு குறை: பின் அச்சு. நடுவில் மடங்கும் அமைப்பு. நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவரவில்லை. 1972-ல் கம்பெனி கெஸல் என்ற பெயரில் சாதாரண அச்சு போட்ட வண்டி கொண்டுவந்தது, அதுவும் 1977 வரைதான் தாங்கியது. பிறகு சில வருஷம் வேன் மட்டும். 1985-ல் ரோவர் கூட்டுக்குள் பழைய வேன்கார்டு எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்கப் பார்த்தார்கள். மாருதி வந்த பிறகு யார் வாங்குவார்? 1988-ல் கதை முடிந்தது. உரிமம், ஒதுக்கீடு, விலைக் கட்டுப்பாடு என்று எல்லாம் அரசின் பிடியில் இருந்த காலம் அது என்பது உண்மைதான். ஆனால் அதே கட்டுப்பாட்டில்தான் மற்ற இருவரும் பிழைத்தார்கள். அம்பாசடர் 2014 வரை உத்தர்பாராவில் உருண்டு வந்ததே! மெட்ராஸ்காரர்கள் நல்ல வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், அதை நம் சாலைக்கு மாற்றுவதில் பத்து வருஷம் தாமதித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆக, உதிரி பாகம் செய்தவன் கடையை மூடி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பிளைவீலுக்கு வருவோம்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு வெடிப்பு. இடையில் சுற்றைத் தொடர்ந்து இழுத்துப் போவது கிராங்க் பின்னால் மாட்டியிருக்கும் கனமான இந்த வார்ப்பிரும்புச் சக்கரம். ஹெரால்டில் அதைப் பிடித்திருப்பது நாலு போல்டும் ஒரு டவல் பின்னும்தான். நாலு போல்டைக் கழற்றினால் கையோடு வந்துவிட வேண்டும். வராததற்குக் காரணம் கொச்சி. வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை, மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர். நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் கிளட்ச் பிளேட்டு பிளைவீல் முகத்தோடு ஒட்டும். அப்புறம் கிராங்கின் விளிம்பும் பிளைவீலின் குழியும் சேரும் மெல்லிய இடைவெளியில் ஈரம் புகுந்து துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். டவல் பின்னும் அதே கதி.

இதைக் கழற்றும் முறையை நான் பார்த்தது தோப்பும்படிப் பக்கம் ஒரு பட்டறையில். ஹெரால்டில் கியர் பாக்ஸை வண்டிக்கு உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும், நடுவில் உள்ள மூடியைக் கழற்றிவிட்டு. அது முடிந்து எஞ்சினையும் வெளியே இறக்கியாயிற்று. கிளட்ச் போல்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல் எதிரெதிராகக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினார் ஆசான். சம்ப்பைக் கழற்றி, கிராங்குக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகினார், கிராங்க் சுற்றாமல் இருக்க. பிளைவீலும் கிராங்கும் சேரும் இடத்தில் உளியால் ஒரு அடையாளம். நாலு போல்டில் இரண்டை எடுத்துவிட்டு, எதிரெதிரான மற்ற இரண்டையும் சில மரை மட்டும் பிடிக்கும்படி விட்டார். சக்கரம் திடீரென்று விடுபட்டால் காலில் விழக்கூடாதே. மண்ணெண்ணெயும் பழைய கியர் ஆயிலும் கலந்து மையத்தில் ஊற்றி, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் பித்தளைத் துண்டு ஒன்றைப் பின்பக்கம் வைத்து, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இடம், வலம். அடி இல்லை, தட்டு. எனக்குப் பொறுமை போய், பெரிய சுத்தியல் எடுக்கலாமே என்றேன். "பதுக்கெ மதி, மோனே" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். ஒரு பக்கமாக ஓங்கி அடித்தால் டவல் பின் கோணிக்கொண்டு இன்னும் இறுகும், வார்ப்பிரும்பு விரியும், அதைவிட மோசம் கிராங்கின் விளிம்பு வளையும். கடைசியில் ப்ளோ லாம்ப்பை மையத்தைச் சுற்றிக் காட்டிச் சூடேற்றிவிட்டு மறுபடி தட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். தளர்வாக விட்டிருந்த இரண்டு போல்டில் சக்கரம் தொங்கியது. ஒன்றரை நாள் வேலை.

கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது சுற்றிலும் உள்ள ரிங் கியர் பல்லைத்தான். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப அங்கேயே கடிக்கும், அந்தப் பற்கள் மட்டும் மழுங்கும். வளையத்தைச் சூடு பண்ணிக் கழற்றி, கொஞ்சம் நகர்த்தி மாட்டினால் இன்னொரு ஆயுள் உண்டு. உடைத்த பிளைவீலுக்கு அது கிடையாது. சென்னை புதுப்பேட்டையில் தேடிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைப்பதும் வேறொரு ஷெட்டில் துருவேறியதாகத்தான் இருக்கும். லேத்தில் புதிதாகச் செய்யலாம், ஆனால் கனமும் பேலன்ஸும் சரியாக வரவில்லையென்றால் எஞ்சின் முழுக்க நடுங்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிய அந்த விதியில் வைத்த கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும். நிபந்தனை என்னவென்றால் சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பிளைவீலை உடைத்துவிட்டு "எதுக்கு வம்பு, மாருதி எஞ்சினை வெச்சுடலாம்" என்று யாராவது கிளம்பினால் அந்த வழி அடைபடும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கே.எல்.ஈ. என்று ஆரம்பிக்கும் அந்த எர்ணாகுளம் நம்பர் பிளேட்டைப் பார்த்தே எத்தனை வருஷம் ஆச்சு! ஆனால் ஆர்.சி. புத்தகம் வேண்டும். அப்பாக்கள் அதை வண்டியில் வைத்திருக்க மாட்டார்கள். வீட்டைக் காலி பண்ணும்போது எல்.ஐ.சி. பாலிசிகளோடு கட்டி வைத்த காகிதக்கட்டு எதையும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.